480 டாலர் குடுத்து டிரிக்கரை கனமாக்கிட்டு வந்த கதை: ஷேடோ 2 ட்யூனிங் ரிவ்யூ

போன மாசம் துப்பாக்கி ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட 480 டாலர் குடுத்து, நானே ராத்திரி ராத்திரியா உக்காந்து இலேசாக்கி வச்சிருந்த என் போட்டி துப்பாக்கியோட டிரிக்கரை திரும்பவும் கனமாக்கிட்டு வந்தேன். வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னா சிரிக்கிறா. சிரிச்சுட்டு போகட்டும், இந்த துப்பாக்கி சுடற விளையாட்டுல இறங்கினப்புறம் நான் செலவு பண்ணதுலயே உருப்படியான செலவு இதுதான், அதனாலதான் இந்த ரிவ்யூ.

பெரியவர் பேரும் கடை பேரும் போடல. அவரே கேட்டுக்கிட்டாரு, ஏற்கனவே மூணு மாசம் வெயிட்டிங் லிஸ்ட், இதுக்கு மேல ஃபோன் அடிச்சா கழட்டி வச்சிருவேன்னாரு. டாலஸ்ல இருந்து ஒன்றரை மணி நேரம் கிழக்கால, வீட்டுக்கு பின்னாடி தகர ஷெட்டு, அதுதான் கடை. மேட்ச் ஆடற யாரையாவது கேட்டீங்கன்னா அவங்களே கை காட்டுவாங்க.

முதல்ல கன் பத்தி. சிஇசட் ஷேடோ 2, 9 எம்எம். செக் நாட்டுல உஹெர்ஸ்கி ப்ரோட்னு ஒரு ஊர்ல செய்யறது, 2016-ல வந்த மாடல். இதோட பாட்டன் 1975-ல வந்த சிஇசட் 75, கோட்ஸ்கி அண்ணன் தம்பி ரெண்டு பேரு டிசைன். ஸ்லைடு (சுடும்போது பின்னாடி போயி வர்ற மேல் பாகம்) ஃப்ரேமுக்கு வெளிய இல்லாம உள்பக்கமா ஓடும், அதனால பேரல் கைக்கு கிட்டக்க தாழ்வா உக்காரும், சுடும்போது மூக்கு கம்மியா தூக்கும். காலி மேகசினோட ஒன்னேகால் கிலோவுக்கு மேல, முழுக்க இரும்பு. இடுப்புல வச்சுக்கிட்டு ஊர் சுத்தற சாமான் இல்ல இது, போட்டிக்குன்னே செஞ்சது. ஃபயரிங் பின் பிளாக்னு, டிரிக்கரை இழுக்காம தோட்டாவை அடிக்கிற ஊசி முன்னாடி போகாம தடுக்க வழக்கமா ஒரு சேஃப்டி ஐட்டம் இருக்குமே அது இதுல கிடையாது, அதனால டிரிக்கர் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சுத்தமா இருக்கும்.

டீகாக்கரும் (ஹேமரை, அதாவது பின்னாடி சுத்தியல் மாதிரி அடிக்கிற பாகத்தை, பத்திரமா இறக்கற லீவர்) கிடையாது. இது தெரியாம வாங்காதீங்க. நான் ஆடற டிவிஷன்ல இந்த மாதிரி கன்னை ஹேமர் முழுசா கீழ இறக்கித்தான் ஹோல்ஸ்டர்ல வைக்கணும், அப்படின்னா சேம்பர்ல தோட்டா இருக்கறப்பவே ஹேமரை விரல்ல இறுக்கி பிடிச்சு டிரிக்கரை அமுக்கி மெதுவா இறக்கணும். விரல் நழுவி வெடிச்சா அன்னிக்கு மேட்ச் முடிஞ்சுது, டிஸ்குவாலிஃபை, மூட்டையை கட்ட வேண்டியதுதான். மூணு வருஷமாச்சு, இன்னமும் அந்த ரெண்டு செகண்டு எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

நான் வாங்கினது கிரீன் கார்டு வந்தப்புறம். ஹெச்1 விசாவுல இருக்கறப்போ பொதுவா துப்பாக்கி வச்சுக்கவே கூடாது, வேட்டை லைசென்ஸ் எடுத்தா ஒரு விலக்கு இருக்குன்னு ஆபீஸ்ல பசங்க சொல்லுவாங்க, எனக்கு அந்த ரிஸ்க்கே வேணாம்னு காத்திருந்தேன். 1,350 டாலர், டாட் (கன் மேல மாட்டி குறி பாக்கற புள்ளி சைட்டு) வேற தனி. அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னப்போ ஒரு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் "போலீஸுக்கு தெரியுமாடா"ன்னு கேட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, இந்தியாவுல 9 எம்எம்னாலே தடை செஞ்ச துப்பாக்கி ரகம், சாதாரண ஆளு லைசென்ஸ் கேட்டு நிக்கவே முடியாது.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. நடத்தற அமைப்பு இங்க யூஎஸ்பிஎஸ்ஏ, உலக அளவுல ஐபிஎஸ்சி, அது 1976-ல மிசூரி மாநிலத்துல கொலம்பியாங்கற ஊர்ல கூடி ஆரம்பிச்சது, ஜெஃப் கூப்பர்தான் முதல் தலைவர். ஒரே எடத்துல நின்னு சுடறது இல்ல, ஓடணும், சுவருக்கு பின்னாடி இருந்து எட்டிப் பாக்கணும், ஓடிக்கிட்டே மேகசின் மாத்தணும், அட்டை டார்கெட்டுக்கு பொதுவா ரெண்டு ரெண்டு. அட்டையில நடு வட்டாரம் ஏ, அதுல பட்டா 5 பாயின்ட், 9 எம்எம் மைனர்ல (பவர் கம்மியான தோட்டா கணக்கு) தள்ளி இருக்கற சி-க்கு 3, டி-க்கு 1, மிஸ் ஆனா மைனஸ் 10. மொத்த பாயின்ட்டை எடுத்துக்கிட்ட நேரத்தால வகுத்தா வர்றது ஹிட் ஃபேக்டர். அதுதான் எல்லாம். இந்த வகுத்தல் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இப்போ என் முட்டாள்தனம். வாங்கின புதுசுல டிரிக்கர் கேஜ்ல அளந்தேன், முதல் டபுள் ஆக்ஷன் இழுப்பு (டிரிக்கரே ஹேமரை பின்னாடி தூக்கி அடிக்கறது) 8.5 பவுண்டு, அதுக்கப்புறம் சிங்கிள் ஆக்ஷன் (ஹேமர் ஏற்கனவே பின்னாடி நிக்கறது) 3.75. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மேட்ச்ல கூட சுடற ஸ்குவாட்ல ஒருத்தன் அவனோடத குடுத்து இழுத்து பாருன்னான், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி இருந்துச்சு, அன்னிக்கு பிடிச்ச கிறுக்கு. ஆன்லைன்ல 11.5 பவுண்டு மெயின்ஸ்பிரிங் (ஹேமரை அடிக்க வைக்கிறது), கூடவே 8 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை திரும்ப மூடறது), ரிடக்ஷன் டிரிக்கர் ரிட்டர்ன் ஸ்பிரிங், ஷார்ட் ரீசெட் டிஸ்கனெக்டர்னு ஒரு கூடை நிறைய ஆர்டர் போட்டு, வீடியோ பாத்து நானே மாத்தினேன். சின்ன சின்ன பின்னு தெறிச்சு கார்பெட்ல விழுந்து காந்தம் வச்சு தேடினதெல்லாம் தனிக்கதை. முடிச்சு அளந்தா டபுள் 5 பவுண்டு, சிங்கிள் 2. அப்படியே வானத்துல மிதந்தேன்.

இது போதாதுன்னு அடுத்து ஒரு கடைக்கு போனேன் (இது வேற கடை, பேர் வேணாம்), ஹேமரையும், அதை பிடிச்சு நிறுத்தற சியரையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி குடுத்தாங்க, 150 டாலர். சிங்கிள் 1.75-க்கு வந்துருச்சு.

ரேஞ்ச்ல பிராக்டிஸ்ல ஒரு பிரச்சனையும் இல்ல. ஏன்னா பிராக்டிஸ்க்கு என்கிட்ட இருந்தது ஃபெடரல் கம்பெனி பிரைமர் (தோட்டா அடியில ஊசி அடிச்சா பத்திக்கற சின்ன மூடி) போட்டு நானே லோடு பண்ண ரவுண்டு. மேட்ச் அன்னிக்கு அது தீந்து போச்சு, கையில கிடைச்ச வேற பிரைமர் போட்ட பேட்ச்சை எடுத்துட்டு போனேன். மூணாவது ஸ்டேஜ், பீப் கேட்டுச்சு, உருவினேன், டாட் நடு ஏ-ல, இழுத்தேன், டிக். வெடிக்கல. டபுள் ஆக்ஷன்தானே இன்னொரு தடவை அடிக்கும்னு திரும்ப இழுத்தேன், மறுபடியும் டிக். அப்புறம் மேகசினை தட்டி ஸ்லைடை இழுத்து ஓட்டினேன். அந்த ஸ்டேஜ்ல மட்டும் ரெண்டு தடவை, நாள் முழுக்க அஞ்சு. கீழ விழுந்த ரவுண்டை எடுத்து பாத்தா பிரைமர்ல கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி.

இப்ப அந்த கணக்கு. 12 டார்கெட், 24 ரவுண்டு, முழு மார்க் 120. நான் 110 எடுத்து 20 செகண்டுல முடிச்சா ஹிட் ஃபேக்டர் 5.5. ஒரே ஒரு லைட் ஸ்ட்ரைக்கு (அடி பத்தாம வெடிக்காம போறது) 2 செகண்டு முழுங்குச்சுன்னா 110-ஐ 22-ஆல வகுக்கணும், 5.0. நூத்துக்கு ஒம்போது போச்சு. சரி, அந்த வெண்ணெய் டிரிக்கர் எனக்கு என்ன குடுத்துச்சு? தாராளமாவே வச்சுக்குவோம், ஒவ்வொரு டார்கெட்லயும் ரெண்டாவது ஷாட் 0.02 செகண்டு வேகமா போச்சுன்னு. 12 டார்கெட்டுக்கு 0.24 செகண்டு. ஹிட் ஃபேக்டர் 5.57. அதாவது நூத்துக்கு ஒன்னு லாபத்துக்கு ஆசப்பட்டு ஒம்போதை பணயம் வச்சிருக்கேன், இதை நான் மேட்ச் முடிஞ்சு பார்க்கிங்ல உக்காந்து ஃபோன் கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், வயித்தெரிச்சல்.

ஸ்குவாட்ல இருந்த ரேஞ்ச் ஆபீசர் ஒருத்தர்தான் பெரியவர் நம்பர் குடுத்தாரு. மெசேஜ் அனுப்பினா பதில் வராது, ஃபோன்தான், அதுவும் காலைல எட்டு மணிக்கு முன்னாடி. மூணு மாசம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை வரச்சொன்னாரு. கன் மட்டும் கொண்டு வராதே, நீ என்ன தோட்டா சுடுவியோ அதுல ஒரு நூறு கொண்டு வா, மேகசின் எல்லாத்தையும் கொண்டு வா, கழட்டி வச்சிருக்கற பழைய ஸ்பிரிங் எல்லாம் ஒரு பையில போட்டு கொண்டு வான்னாரு. ஏன்னு கேட்டதுக்கு, "தோட்டா இல்லாம கன்னை ட்யூன் பண்றது காலை பாக்காம செருப்பு தைக்கிற மாதிரி"ங்கற அர்த்தத்துல என்னமோ சொன்னாரு, நான் தமிழ்ல இப்படி எழுதிக்கிட்டேன்.

ஷெட்டு உள்ள ஒரு மில்லிங் மெஷின், ஒரு சின்ன லேத்து, எண்ணெய் வாசம், மேசை மேல டார்ச் லைட் மாதிரி ஒரு பெரிய பூதக்கண்ணாடி. ஏசி கிடையாது, ஜூலை மாசம் டெக்சாஸ், யோசிச்சு பாத்துக்கோங்க. மனுசன் முன்னாடி ஃபேக்டரி அச்சு செய்யற டை மேக்கரா வேல பாத்தவரு. முதல்ல ஒரு தடியான நோட்டை எடுத்து சீரியல் நம்பர், என் ஐடி எல்லாம் எழுதினாரு. ராத்திரி கன் அவர்கிட்ட தங்கினா கணக்குல ஏத்தியே ஆகணும், லைசென்ஸ் இருக்கறவரு செய்யற மொத வேலை அது. உங்க ஊர்ல ஒருத்தன் கன்னை வாங்கி வச்சுக்கிட்டு நாளைக்கு வான்னு சொல்லி இந்த நோட்டை எடுக்கலைன்னா, கன்னை வாங்கிட்டு வந்துடுங்க.

நான் டிரிக்கர் எவ்ளோ இலேசு பாருங்கன்னு பெருமையா நீட்டினேன். அவர் டிரிக்கரை தொடவே இல்ல. காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்தாரு, ஸ்லைடை பின்னாடி இழுத்து நிறுத்தி, ஸ்லைடு ஸ்டாப்பை அமுக்கி டமால்னு விட்டாரு. மறுபடியும். மறுபடியும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஸ்லைடு மூடினதும் ஹேமரும் கூடவே கீழ வந்துருச்சு. டிரிக்கர்ல விரலே இல்ல. என்னை பாத்தாரு. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அந்த 150 டாலர் பாலிஷ்ல சியர் பிடிக்கிற மூலையையே கரைச்சு வச்சிருக்காங்க. இப்படியே ஆடியிருந்தா ஒரு நாள் ஒரு இழுப்புக்கு ரெண்டு வெடிச்சிருக்கும், மேட்ச்ல அந்த கன்னை அப்பவே வெளிய அனுப்பிருவாங்க, அதைவிட முக்கியம், எங்க பாத்து வெடிக்கும்னு யாருக்கு தெரியும். ஹேமர், சியர் ரெண்டும் மாத்தாம நான் வேற எதையும் தொட மாட்டேன், வேணாம்னா இப்பவே எடுத்துட்டு போ, காசு வேணாம்னாரு. மாத்துங்கன்னேன்.

இந்த இடத்துல ஒன்னு சொல்லிக்கறேன், ஸ்பிரிங் மாத்தறது வேற, சியர்ல கல்லை வச்சு தேய்க்கறது வேற. ரெண்டாவதை வீட்டுல பண்ணாதீங்க. அவரே ஜிக்ல மாட்டி, நீல மை பூசி, எங்க உரசுதுன்னு பூதக்கண்ணாடில பாத்து பாத்து மூணு தடவை தேய்ச்சா நாலு தடவை அளக்கறாரு. ஹேமர் கொக்கியோட முகத்தை மட்டும் லேசா துடைச்ச மாதிரி பண்ணாரு, கோணத்தை மாத்தவே இல்ல. பாலிஷ்னா பளபளப்பு இல்ல, ஒட்டற எடம் முழுசா ஒட்டணும் அவ்ளோதான்னாரு.

அப்புறம்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. என் ரவுண்டுல இருந்து பத்தை எடுத்து பிரைமர் எப்படி உக்காந்திருக்குன்னு விரல் நுனியால தடவினாரு. ரெண்டு ரவுண்டை தனியா எடுத்து வச்சாரு, பிரைமர் கேஸ் (தோட்டாவோட கூடு) மட்டத்துக்கு உள்ள போகாம முடி அளவு துருத்திக்கிட்டு இருந்துச்சு. அப்படி இருந்தா ஃபயரிங் பின் அடிக்கிற வேகம் பிரைமரை உள்ள தள்ளறதுலயே செலவாயிடும், வெடிக்க மிச்சம் இருக்காது. அதாவது அஞ்சு லைட் ஸ்ட்ரைக்குல எத்தனை ஸ்பிரிங்கோட தப்பு, எத்தனை நான் ரீலோடிங் பிரஸ் கைப்பிடியை சோம்பேறித்தனமா தள்ளினதோட தப்புன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. போன ஆயுத பூஜைக்கு அந்த பிரஸ்ஸுக்கு சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சேன், ஒழுங்கா அமுக்கறத மட்டும் மறந்துட்டேன்.

பவுடரும் புல்லட்டும் இல்லாத வெறும் கேஸ்ல பிரைமர் மட்டும் அடிச்சு ஒரு டப்பா வச்சிருக்காரு, சிசிஐ பிரைமர். ஃபெடரல் மெத்துனு இருக்கும், சிசிஐ கெட்டி, இது ரீலோடு பண்ற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இதுல வெடிச்சா எதுலயும் வெடிக்கும்னு சொல்லி, காதுக்கு மஃப் மாட்டச்சொல்லி, ஒவ்வொன்னா சேம்பர்ல போட்டு ஹேமரை இறக்கி டபுள் ஆக்ஷன்ல இழுக்க வச்சாரு. ஏன் சிங்கிள்ல பாக்கலைன்னு கேட்டேன். டபுள் ஆக்ஷன்ல ஹேமர் முழு தூரம் பின்னாடி போறது இல்லப்பா, முழு காக் ஆகற எடத்துக்கு கொஞ்சம் முன்னாடியே நழுவி விழுந்துரும், ஓட்டம் கம்மின்னா அடியும் கம்மி, அதனால சங்கடம் எப்பவும் முதல் ஷாட்லதான்னாரு. என்னோட மேட்ச்ல டிக் ஆனதுல நாலு முதல் ஷாட். மூணு வருஷமா சுடறேன், இது எனக்கு தோணவே இல்ல.

11.5 ஸ்பிரிங்கோட 20 கேஸ்ல 6 வெடிக்கல. 13 பவுண்டு போட்டாரு, கூடவே கொஞ்சம் நீளமான ஃபயரிங் பின், அதுக்கு இலேசான ரிட்டர்ன் ஸ்பிரிங். 50-க்கு 50. அப்புறமும் விடல, கேஸை எல்லாம் வரிசையா நிறுத்தி குழி ஆழத்தை பாத்து தலையாட்டினாரு. கேஜ்ல அளந்தோம், டபுள் 6.25, சிங்கிள் 2.5. என் மூஞ்சி கொஞ்சம் தொங்கிருக்கும் போல, "தம்பி"ன்னாரு (சன்னுன்னு சொன்னாரு, எனக்கு தம்பின்னுதான் காதுல விழுந்துச்சு), இழுத்து பாரு, நம்பரை பாக்காதே. இழுத்தேன். 5 பவுண்டுல இருந்ததைவிட இது வழவழன்னு இருக்கு. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கனம், நடுவுல கல்லு இல்ல. கேஜ் உச்சக்கட்ட கனத்தை மட்டும்தான் சொல்லும், வழி எப்படி இருந்துச்சுன்னு சொல்லாதுல்ல.

இன்னொரு விஷயத்துக்கும் இந்த மார்ஜின் உதவும். எனக்கு என்னிக்காவது ஒரு ஐபிஎஸ்சி மேட்ச்ல புரொடக்ஷன்ங்கற டிவிஷன் ஆடணும்னு ஆசை, அங்க முதல் ஷாட் குறைஞ்சது 2.27 கிலோ, அதாவது 5 பவுண்டு இழுப்பு இருக்கணும்னு விதி, மேட்ச்ல எடை கட்டி பாப்பாங்க. இல்லைன்னா எல்லா ஷாட்டும் 1.36 கிலோவுக்கு மேல இருக்கணும். நான் பண்ணி வச்சிருந்த சரியா 5 பவுண்டு, ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தா கோட்டுக்கு கீழ போயிரும். பிளேன் டிக்கெட் எடுத்து போய் அங்க நின்னு அசிங்கப்படறதை நெனச்சு பாத்தேன்.

ரீகாயில் ஸ்பிரிங் விஷயத்துலயும் என் கணக்கு தப்பு. மெயின்ஸ்பிரிங் ஹேமருக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஸ்லைடு பின்னாடி போறப்போ ஹேமரை அதுதானே தள்ளி காக் பண்ணுது, அப்போ மெயின்ஸ்பிரிங் இலேசாச்சுன்னா ஸ்லைடு இன்னும் வேகமா பின்னாடி பாயும், அதுக்கு மேல நான் ரீகாயில் ஸ்பிரிங்கையும் 8-க்கு இறக்கி வச்சா ஃப்ரேம்ல போய் மடார் மடார்னு மோதும். அதான் என் டாட் மேல போயி ஒரு குட்டி ஆட்டம் ஆடிட்டு வந்துச்சு. ஷெட்டுக்கு பின்னாடி மண்மேடு இருக்கு, அங்க நிக்க வச்சு 8, 10, 11, 12-ன்னு மாத்தி மாத்தி ஆறு ஆறு ரவுண்டு சுட வச்சு, டார்கெட்டை பாக்காம டாட்டை மட்டும் பாரு, எங்க போயி எங்க வந்து நிக்குதுன்னு சொல்லுன்னாரு. 12-ல டாட் திரும்பி வரும்போது கோட்டுக்கு கீழ முங்கி எழுந்துச்சு, ஸ்லைடு மூடற வேகத்துல மூக்கை கீழ தள்ளுது. 11-ல போன எடத்துல இருந்து நேரா வந்து உக்காந்துச்சு. என் லோடுக்கு 11. என் லோடு புல்லட் எடை 147 கிரெயின், வேகம் செகண்டுக்கு 890 அடி, பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வர்றது பவர் ஃபேக்டர், 130.8. 125-க்கு கீழ போனா ஸ்கோரே கிடையாது, அதனால இந்த ஆறு பாயின்ட் இடைவெளி போதும். உங்க லோடு வேற, உங்க கை வேற, அதனால 11-ன்னு படிச்சுட்டு அதையே ஆர்டர் போடாதீங்க, நாலு ஸ்பிரிங் சேத்து வாங்கி மாத்தி மாத்தி சுட்டு பாருங்க.

பேரல்ல த்ரோட்டையும் (சேம்பருக்கு முன்னாடி, ரைஃப்ளிங்ங்கற சுழல் கோடு ஆரம்பிக்கற எடம்) கொஞ்சம் ரீம் பண்ணி அகலமாக்கினாரு. சிஇசட் பேரல்ல அந்த எடம் குட்டைங்கறது ஊரறிஞ்ச விஷயம், தட்டை மூக்கு 147 புல்லட் போட்டா ரவுண்டு நீளத்தை 1.08 இன்ச்சுக்கு குறைச்சாத்தான் சேம்பர்ல டொப்புனு விழும், இல்லைன்னா ரைஃப்ளிங்ல போய் முட்டும். இப்போ 1.13 வச்சு லோடு பண்றேன், மேகசின்ல இருந்து இன்னும் வழுக்கிக்கிட்டு ஏறுது. இதுக்கு 60 டாலர், மொத்தத்துல சேத்தி.

அவர் மாட்டேன்னு சொன்னது ரெண்டு. டிரிக்கரை 2 பவுண்டுக்கு கீழ கொண்டு போகவே மாட்டாரு, எவ்ளோ குடுத்தாலும். இன்னொன்னு, ஸ்லைடை துளை போட்டு எடை குறைக்கிற வேலை. உனக்கு அது தேவைப்படற அளவுக்கு நீ இன்னும் சுடலைன்னாரு. மூஞ்சிக்கு நேரா. கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சு, ஆனா நான் அப்ப பி கிளாஸ், 63 பர்சன்ட்டு, என்னத்த பேசறது.

குறைன்னு சொல்லணும்னா சொல்லலாம். மூணு மாச காத்திருப்பு. ரெண்டு தடவை போகணும், விடறதுக்கு ஒன்னு எடுக்கறதுக்கு ஒன்னு, எடுக்கப்போற அன்னிக்கு அரை நாள் லீவு. காசு கையில குடுக்கணும், கார்டு கிடையாது. டாட் மாட்ட ஸ்லைடு மில்லிங் பண்ண மாட்டாரு, வெளிய ஹேமர் இல்லாத பிளாஸ்டிக் ஃப்ரேம் ஸ்ட்ரைக்கர் கன் எடுத்துட்டு போனா வாங்கவே மாட்டாரு, அது எனக்கு பிடிக்காதுன்னு சொல்லி அனுப்பிருவாரு. பில்லுல பேனாவுல எழுதறது பாதி புரியாது. பாக வாரியா இப்படித்தான் வந்துச்சு: ஹேமர் சியர் பார்ட்ஸ் 140, ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் 45, த்ரோட் 60, கூலி 185, கடைசியா 50 டாலருக்கு ஒரு வரி, அதை பின்னாடி சொல்றேன்.

வந்தப்புறம் 1,900 ரவுண்டு ஆச்சு. ஃபெடரல், சிசிஐ, கடையில வாங்கின மலிவு ஃபேக்டரி ரவுண்டு எல்லாம் கலந்து. ஒரு லைட் ஸ்ட்ரைக் இல்ல. மூணு மேட்ச் ஆடினேன், ஸ்ப்ளிட் (ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நேரம்) டைமர்ல பாத்தா முன்ன மாதிரியேதான், 0.21, 0.22, டிரிக்கர் கனமானதால ஒரு மண்ணும் குறையல. பில் டிரில்ங்கற பயிற்சி, 7 யார்டுல ஹோல்ஸ்டர்ல இருந்து ஆறு ஷாட், முன்ன 2.3 இப்பவும் 2.3. ஆனா ஸ்டேஜ்ல நிக்கறப்போ "வெடிக்குமா"ன்னு ஒரு யோசனை ஓடும் பாருங்க, அது காணாம போச்சு. அது ஒன்னுக்கே நான் 480 குடுப்பேன்.

மத்த மாடிஃபிகேஷன் பத்தி கேக்கறீங்கன்னா, கிரிப் மாத்துங்க, வேற எதுக்கு முன்னாடியும். கூட வர்ற அலுமினிய கிரிப் மெல்லிசு, வேர்வை கைக்கு வழுக்கும். நான் கரடுமுரடா வெட்டின பித்தளை கிரிப் போட்டேன், எடை ஏறுச்சு, உப்புத்தாள்ல உரசின மாதிரி உள்ளங்கை தேயுது, ஆனா கன் கையில ஒட்டிக்குது. எடை ஏத்தறதுக்கு முன்னாடி டிவிஷன் வரம்பை பாத்துக்கோங்க, கேரி ஆப்டிக்ஸ்ல டாட்டோட காலி மேகசினோட 59 அவுன்ஸ். மேகசின் நீளம் 141.25 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், கேஜ்ல நுழையலைன்னா அன்னிக்கு அழுகைதான். எக்ஸ்டென்ஷன் போட்டு எனக்கு 23 ஏறுது, ஸ்பிரிங் புதுசுல 23-ஐ ஏத்த கட்டை விரல் கழண்டுரும். டாட் ஸ்குரூவுக்கு நீல லாக்டைட் பசை போட்டு, மேல ஒரு கோடு பெயின்ட் வச்சுருங்க, லூசாச்சுன்னா கோடு காட்டி குடுக்கும். டிரிக்கர் ரிட்டர்ன் ஸ்பிரிங், ஸ்லைடு ஸ்டாப் ரெண்டும் இந்த கன் ஆடறவங்க எல்லாரும் பையில ஒரு ஸ்பேர் வச்சிருப்பாங்க, நீங்களும் வச்சுக்கோங்க, தேயற சாமான்.

யாரு போகலாம்? கன்னை வாங்கி ஆயிரம் ரெண்டாயிரம் சுட்டு, எது தனக்கு இடிக்குதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்க போங்க. பெட்டியை பிரிச்ச மறுநாளே போனீங்கன்னா, போய் சுட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பிருவாரு, எனக்கு முன்னாடி நின்ன ஒருத்தருக்கு அதுதான் நடந்துச்சு. அஞ்சுக்கு எவ்ளோன்னு கேட்டா நாலரை. அந்த அரை, ஏசி இல்லாததுக்கு.

அந்த 50 டாலர் வரி. லேத்துக்கு மேல சுவத்துல ஒரு அட்டை தொங்குது, கறுப்பு மார்க்கர்ல கையால எழுதினது: ட்யூனிங் கூலி இவ்ளோ, நீங்களே ஏற்கனவே நோண்டிட்டு வந்திருந்தா 50 கூடுதல். என் ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தன் அக்டோபருக்கு ஸ்லாட் வாங்கிட்டான். நேத்து சாயங்காலம் ஃபோன் பண்ணி, மச்சான் சும்மா உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு கழட்டினேன், ஒரு குட்டி ஸ்பிரிங்கை காணோம்கறான். காந்தம் எடுத்துக்கிட்டு கிளம்பறேன்.